பெண்வீட்டார் அனுப்பிய படம்

9 அக்டோபர் 1977, ஞாயிறு

என் மகன் சாராயக் கடைகளில் பாடுவதாக, இங்குள்ள தமிழர்கள் கூடும் கமலினி வீட்டு பஜனையில் பேசிக்கொள்கிறார்களாம். தவறு. ஜெயசங்கர் பாடுவது அரங்கங்களில், வானொலியில். சில அரங்கங்களில் பீரும் விற்கிறார்கள். அது வேறு விஷயம். அவன் பாடுவதற்குக் கன்ட்ரி மியூசிக் என்று பெயர். பண்ணைக்காரர்களும் லாரி ஓட்டுகிறவர்களும் விரும்பிக் கேட்பது. திருச்சியில் ஏழு வருடம் கற்ற வயலினைத்தான் அதிலும் வாசிக்கிறான். உட்கார்ந்து அல்ல, தொப்பி போட்டுக்கொண்டு நின்றபடி. எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் சுருதி சுத்தம்.

வெள்ளிக்கிழமை மார்செலை அழைத்து வந்தான். அவனுடைய குழுவில் ஸ்டீல் கிட்டார் வாசிப்பவர். வாடகையைப் பகிர்ந்துகொண்டு நகரத்தில், சென்ட் லோரன்ட் தெருவில், ஒரே ஃபிளாட்டில் இருக்கிறார்கள். யாரும் சொல்லாமல் ஷூவை வாசலில் கழற்றிய முதல் வெள்ளைக்காரர். காரக்குழம்புக்குக் கண்ணீர் வடித்தபடி இன்னொரு கரண்டி கேட்டார்.

தையில் கல்யாணம். திருச்சி உமாபதி அவர்களின் மகள் அனுசூயா. ஜாதகம் பொருந்திவிட்டது. "பாக்கலாம்மா" என்றான் ஜெயசங்கர். நான் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

20 அக்டோபர்

ஜெயசங்கரின் பாட்டுகளை வெளியிடும் இசைத்தட்டுக் கம்பெனியின் மிஸ்டர் ஹார்ட்லி பூங்கொத்தோடு வந்தார். நகரத்திலிருந்து சென்ட்-ஆனில் இருக்கும் என் வீடு வரை காரில், இந்த மழையில். கல்யாணம் நிச்சயம்தானா என்று இரண்டு முறை கேட்டார். பெண்ணின் படம் இருக்கிறதா என்றார்.

ஜாதகத்தோடு வந்த படம். மூலையில் மஞ்சள் தடவியது. கமலினிக்குக்கூட நான் காட்டவில்லை. இவருக்குக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் திருப்பித் தருவாராம்.

ஏன் கொடுத்தேன்? அவர் கேட்ட விதம் எனக்குப் பெருமையாக இருந்தது. அதுதான் உண்மை.

2 நவம்பர்

படம் திரும்பவில்லை.

12 நவம்பர், சனி

தீபாவளிக்கு வராதவன் இன்று வந்தான். பட்சணத் தட்டைத் தள்ளிவிட்டு ஒரு பாட்டுப் பத்திரிகையை மேஜையில் போட்டான். அதில் அனுசூயா. கீழே, "ஜெயசங்கருக்காக இந்தியாவில் காத்திருக்கும் மணமகள்."

"இந்தப் படத்தை யாரும்மா குடுத்தா?"

"நான்தான் குடுத்தேன். அதுல என்னடா?"

"ஆறு மாசமா என்னைப் பத்தி ஒரு பேச்சு சுத்துது. அதை மூடத்தான் அந்த ஹார்ட்லிக்கு இந்தப் பொண்ணு வேணும்."

"என்ன பேச்சு?"

"உண்மையான பேச்சு. எனக்குப் பொண்ணுங்க மேல ஆசை வந்ததே இல்லம்மா. ஆம்பளைங்க மேலதான். மார்செலும் நானும் மூணு வருஷமா சேர்ந்து வாழறோம். வாடகைக்காகன்னு சொன்னது பொய்."

டாக்டரைப் பார்க்கலாமா என்று கேட்டேன். பிறகு நான் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்: "பேசாம கல்யாணத்தப் பண்ணிக்கோ. அப்புறம் யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க."

"அந்தப் பொண்ணு கேப்பாளே."

அடுத்த மாதம் வானொலிப் பேட்டியில் தானே சொல்லப் போகிறானாம். "உங்கப்பா இருந்திருந்தா—" என்று ஆரம்பித்தேன்.

"அப்பாவுக்குத் தெரியும். 'அம்மாகிட்ட நான் சொல்றேன், நீ அவசரப்படாதே'ன்னார். அதுக்குள்ள போயிட்டார்."

சாப்பிடாமலே கிளம்பிவிட்டான்.

13 நவம்பர்

முப்பத்து மூன்று வருடம் என்னோடு ஒரே வீட்டில் இருந்தவர். தான் வேலை பார்த்த கால்நடைக் கல்லூரியில் எந்த மாட்டுக்கு என்ன நோய் என்பதுவரை என்னிடம் சொன்னவர். இதை ஏன் சொல்லவில்லை? என்னைப் பார்த்தா அவ்வளவு பயமா?

பயம்தான்.

17 நவம்பர்

ஹார்ட்லி தொலைபேசியில் பேசினார். கன்ட்ரி கேட்கிறவர்கள் குடும்பஸ்தர்களாம், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்களாம். இவன் வாயைத் திறந்தால் வானொலி நிலையங்கள் மறுநாளே இவன் இசைத்தட்டை ஒதுக்கிவிடும். "கல்யாணத்தை நடத்திவிடுங்கள், மேடம். அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்."

என் வாக்கியம். ஐந்து நாளைக்கு முன் இதே கூடத்தில் நான் சொன்ன வாக்கியம், அந்த மனிதர் வாயில்.

படத்தைத் திருப்பி அனுப்புங்கள் என்றேன். "வெறும் படம்தானே" என்றார். எதிரில் இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போது ரிசீவரை வைத்தது வாழ்க்கையில் இதுவே முதல் முறை. வைத்தது சரி.

20 நவம்பர்

உமாபதி அவர்களுக்கு மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். "மறுபடி பார்த்ததில் ஜாதகம் பொருந்தவில்லை" என்பதுதான் வழக்கம். யாருக்கும் தலைகுனிவு இல்லை என்று பெயர். ஆனால் வேண்டாம் என்று திரும்பிய ஜாதகத்தை அடுத்து வருகிறவன் சந்தேகத்தோடுதான் கையில் எடுப்பான். பழி அந்தப் பெண்ணுக்கு.

நான்காவதை அனுப்பினேன். பொருத்தத்தில் குறையில்லை, என் மகன் ஒரு பெண்ணை மணக்கக்கூடியவன் இல்லை, அவனைக் கேட்காமல் நான் நிச்சயித்தேன், உங்கள் அனுமதி இல்லாமல் உங்கள் மகளின் படத்தை அந்நியரிடம் கொடுத்தேன், அது பத்திரிகையில் வந்துவிட்டது, மன்னியுங்கள்.

நான் மன்னிப்புக் கேட்டு எழுதிய கடிதம் இதற்கு முன் ஒன்றுகூட இல்லை.

4 டிசம்பர், ஞாயிறு

பேட்டியைக் கேட்டேன். ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டான். பேட்டி எடுத்தவர் அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்தார். மார்செலின் பெயரை அவன் சொல்லவில்லை. பிறகு வயலின் வாசித்தான்.

குரல் நடுங்கியது. வில் நடுங்கவில்லை.

11 டிசம்பர்

ஒப்பந்தம் ரத்து. மேற்கு மாகாணங்களில் நடக்க இருந்த கச்சேரிகளும் போய்விட்டன. செய்தித்தாளில் நான்கு வரி. அவனாகச் சொல்லவில்லை, என்னோடு பேசினால்தானே?

இந்த வாரம் பஜனை இல்லை என்று கமலினி நேற்றே சொல்லியிருந்தாள். மாலையில், பஜனைக்கு வரும் அலமு கூப்பிட்டு, "ஏன்க்கா வரல? கமலினி வீட்டுல சுண்டல் எவ்வளவு மிஞ்சிப் போச்சு தெரியுமா?" என்றாள். பாவம், அவளுக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை.

கால் வலி என்றேன். பொய்.

23 டிசம்பர்

உமாபதி அவர்களிடமிருந்து பதில். "உள்ளதை எழுதினீர்கள், அதற்கு நன்றி. படம் வெளியானதில் எங்களுக்கு மிகுந்த வருத்தம். அனுசூயா தன் படத்தைத் திரும்பக் கேட்கிறாள்."

என்னிடம் இல்லையே.

27 டிசம்பர்

தபாலில் ஒரு தடித்த உறை. விலாசம் ஜெயசங்கர் கையெழுத்து. உள்ளே, இரண்டு அட்டைகளுக்கு நடுவே அனுசூயாவின் படம், மூலையில் மஞ்சளோடு. தன்னை வெளியே அனுப்பிய அந்த ஆபீசுக்கே போய்க் கேட்டு வாங்கியிருக்கிறான். கடிதம் இல்லை.

28 டிசம்பர்

அவனுக்கு இன்று அனுப்பியதன் நகல்:

ஜெயசங்கர்,

படம் வந்தது. பதிவுத் தபாலில் இன்றே திருச்சிக்கு அனுப்பிவிட்டேன். ஒரு வரிகூட எழுதாமல் உறையை ஒட்டுவது முறையல்ல. உனக்கு நான் அப்படிச் சொல்லித் தரவில்லை.

எல்லாம் புரிந்துவிட்டது என்று எழுதமாட்டேன். புரியவில்லை.

பொங்கல் ஜனவரி பதினான்கு, சனிக்கிழமை. எத்தனை பேர் என்று தெரியாமல் நான் அரிசி களைவதில்லை. மார்செலுக்குக் காரம் குறைக்க வேண்டுமா என்பதையும் சொல்.

தொலைபேசியில் வேண்டாம். கடிதமாக எழுது.

அம்மா