தண்ணீரில் நின்று வாடிய மிளகாய்

4-2-2001, ஞாயிறு
கடைக்கு விடுமுறை. சைக்கிளில் மானாம்பதி போனேன். அத்தா விட்டுப்போன நாற்பது சென்ட். முப்பது வருஷம் நெல்லே பார்த்த நிலம். இந்தத் தடவை மிளகாய். நட்டுப் பதினைந்து நாள் ஆகிறது. ஏரிக்கரைக் குடிசைச் சிட்டம்மாளும் அவள் புருஷன் சுப்பனும் பார்த்துக்கொள்கிறார்கள். நான் சொன்னது ஒன்றுதான்: தண்ணீர் நிற்க வேண்டும், காயக் கூடாது. பிழைப்புக்கு வாட்ச் ரிப்பேர் செய்தாலும் நான் நெல் வைத்த வீட்டுப் பிள்ளை. வயலில் தண்ணீர் மினுங்கினால்தான் மனசு ஆறும்.

11-2
மத்தியானம் செடியெல்லாம் தலை தொங்கிக் கிடந்தது. இலையில் மஞ்சள். யூரியா போட்டேன்.

16-2, வெள்ளி
தொழுகை முடிந்து நேராக வயலுக்குப் போனேன். வடக்கு மூலையில் சிட்டம்மாள் வரப்பை வெட்டி விட்டிருக்கிறாள்! செடி வாடுகிறது, இவள் தண்ணீரை வடிய விடுகிறாள்.
"தண்ணி நின்னுக்கினே இருந்தா அதுக்கு மூச்சு முட்டும் பாய். அந்த மூலைய மட்டும்தான் வடிய வுட்டேன். வந்து பாருங்க, அது நல்லாதான் கீது."
நான் போய்ப் பார்க்கவில்லை. செடிக்கு மூச்சாம். தண்ணீர் கட்டச் சோம்பல், சோம்பேறி என்று கத்தினேன். பக்கத்து வயலில் களை எடுத்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள், எல்லாம் அவள் குடிசைப் பக்கத்து ஆட்கள். மோட்டார் ரூம் சாவியை வாங்கிக்கொண்டு, இனி வர வேண்டாம் என்றேன். மண்வெட்டியைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். வரப்பை நானே அடைத்தேன்.

20-2
தினமும் கடை திறக்குமுன் நானே தண்ணீர் வைக்கிறேன். வாட்டம் கூடுகிறது. இன்னும் வைத்தேன். காலையில் நாஷ்டா வைக்கும்போது என் மனைவி சபுரா கேட்டாள்: "அவதான் போயிட்டாளே, இப்ப யாரு சோம்பேறி?"

22-2, வியாழன்
கடை திறக்கவில்லை. எழுதக் கை ஓடவில்லை, ஆனாலும் எழுதிவிட வேண்டும்.
வாடிய செடி ஒன்றைப் பிடுங்கினேன். வெண்ணெயில் இழுத்த மாதிரி வந்தது. வேர் பழுப்பு, தொட்டால் தோல் உருவிக்கொள்கிறது, சாக்கடை நாற்றம். வடக்கு மூலைக்குப் போனேன். நான் அடைத்த அடைப்பு ஒழுங்காகப் பிடிக்காமல் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. அங்கே பத்துப் பதினைந்து செடிகள் பச்சையாக நிமிர்ந்து நின்றன. ஒன்றை மண்ணோடு தோண்டி அலசினேன். வெள்ளை வேர். சட்டைப் பையில் வாட்ச் பார்க்கிற லென்ஸ் இருந்தது, கண்ணில் வைத்தேன்.
யா அல்லா.
வேர் முழுக்க மயிர். வாட்சுக்குள் இருக்கிற ஹேர் ஸ்பிரிங்கைவிட மெல்லியது, எண்ண முடியாது. ஒவ்வொன்றும் ஒரு மண் துகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இதுதான் செடிக்கு வாயா? தண்ணீரும் உரமும் இது வழியாகத்தான் உள்ளே போகிறதா? இருபது வருஷமாக இந்த லென்ஸில் மனிதன் செய்ததை மட்டுமே பார்த்திருக்கிறேன்.
இன்னொரு நல்ல செடியை அடித்தண்டோடு வெட்டினேன். வெட்டிய இடத்தில் நீர் துளிர்த்தது. துடைத்தேன், மறுபடி துளிர்த்தது. ஐந்து முறை. மோட்டார் கிடையாது, கரண்ட் கிடையாது, மண்ணுக்குள்ளிருந்து தள்ளுகிறது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. வாடிய செடியையும் வெட்டிப் பார்த்தேன். ஒரு துளி வரவில்லை. தண்ணீரில் நின்றபடியே தாகத்தில் செத்திருக்கிறது. யூரியாவும் பக்கத்திலேயே கிடக்கிறது. மூச்சு நின்ற வேர் எதை எடுக்கும்?
அப்படியானால் நெல் எப்படி? பக்கத்து வயலில் ஒரு நெல் தூர் கேட்டு வாங்கி, வேரைக் குறுக்கே நறுக்கி லென்ஸில் பார்த்தேன். உள்ளே தேனடை மாதிரி ஓட்டை ஓட்டையாக, காற்று போக வழி. தண்ணீருக்குள் தன் மூச்சைத் தானே கொண்டுபோகிறது. மிளகாய்க்கு அது இல்லை. அதைத்தானே அவள் சொன்னாள்? அவளைப் போய் — சே.

23-2
ஏரிக்கரைக்குப் போனேன். மூட்டை கட்டியிருந்தார்கள்.
"ஞாயித்துக்கெயம லாரி வருது பாய், செங்கல் சூளைக்கு" என்றான் சுப்பன்.
தப்பு என் மேல்தான் என்றேன்.
"அத்தினி பேரு எதிர்ல சோம்பேறின்னீங்க" என்றாள் சிட்டம்மாள்.
அத்தனை பேரையும் கூப்பிடச் சொன்னேன். அவர்கள் எதிரில் சொன்னேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் முழுசாகச் சொன்னேன். பிறகு கொண்டுபோயிருந்த வெள்ளை வேரையும் லென்ஸையும் அவளிடம் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தாள்.
"இம்மாம் சின்னதா கீது. இத்தப் போயி முழுக வெச்சீங்களே பாய்."
வருகிறேன் என்று சொல்லவில்லை.

25-2, ஞாயிறு
காலையில் வயலில் நின்றேன். ஏரிக்கரைப் பக்கம் லாரி வந்தது, கிளம்பியும் போனது. அவர்களும் அதில் போயிருப்பார்கள் என்று நினைத்தேன். வடக்கே மண்வெட்டிச் சத்தம் கேட்டது. சிட்டம்மாள் வரப்பை அகலமாக வெட்டிக்கொண்டிருந்தாள். சுப்பன் மண் அள்ளினான்.

6-3, பக்ரீத்
சபுரா கட்டிக் கொடுத்த கறியோடு மானாம்பதி போனேன். பாதி நிலத்தில் மேடாகப் பார் கட்டி மறு நாற்று வைத்திருக்கிறார்கள். மேல் மண் காய்ந்து வெளுத்துக் கிடந்தது. தண்ணீர் விட எனக்குக் கை பரபரத்தது. சிட்டம்மாள் குனிந்து மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.
"இன்னிக்குத் தண்ணி வேணாம் பாய்."
சரி என்றேன். மோட்டார் ரூமைப் பூட்டிவிட்டுச் சாவியை அவள் கையில் கொடுத்தேன்.