வாங்கும் முன்பே பூஜை போட்ட சுமோ

பாப்பா அப்பாவுக்கு,

இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். போனில் பேசலாமென்றால் வீடே சுற்றி நிற்கிறது.

அந்தப் பழைய சுமோவைப் பார்க்க இன்று உங்கள் அண்ணனோடு கீழ்பென்னாத்தூர் போனோம். ஓட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பதாகத்தான் பேச்சு. கியர் மாற்றும்போதெல்லாம் ஒரு சத்தம். மெக்கானிக்கிடம் காட்டலாம் என்றேன். உங்கள் அண்ணனோ வண்டியை நேராகக் கோயிலுக்கு விட்டு, ராஜகோபுரத்துக்கு எதிரே கற்பூரம் காட்டி, நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிவிட்டார்.

"இன்னும் வாங்கவே இல்லையே மாமா!"

"பழம் ஏறிடுச்சும்மா. இனிமே திருப்பினா குடும்பத்துக்கு ஆகாது. ஆசிரமத்துக்கு வர்ற வெள்ளக்காரங்களுக்கு ஓட்டினாலே போதும், போட்ட காசு வந்துடும்."

பாப்பா முன்சீட்டில் ஏறி ஹாரனை அடித்துக்கொண்டிருந்தாள். "இதுலதான் அப்பா வருவாரா?"

"ஆமாண்டா செல்லம், ஏர்போர்ட்ல இருந்து இதுலதான் கூட்டினு வருவோம்."

"எப்போ?"

உங்கள் அண்ணன் என்னைப் பார்த்தார். பழம் வாங்கணும் என்று நான் இறங்கிவிட்டேன். வண்டி வாங்கினால் மஸ்கட்டில் இன்னும் இரண்டு வருட வேலைக்குக் கையெழுத்துப் போட வேண்டும் என்று நீங்கள் எழுதியதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பாப்பாவிடம் எப்படிச் சொல்வது?

அடுத்த பௌர்ணமி கிரிவலக் கூட்டத்துக்குள் உங்கள் அண்ணன் வண்டியை நம் பேருக்கு மாற்றிவிடுவாராம். எனக்கு வேண்டாங்க. கியர் சத்தத்துக்காகச் சொல்லவில்லை. நான் சொன்னால் படித்த திமிர் என்பார்கள். நீங்களே அண்ணனுக்கு எழுதிவிடுங்கள்.

எனக்கும் சீக்கிரம் பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
பாப்பா அம்மா