பன்னிரண்டு மில்லிமீட்டர்

மார்ச் 4, செவ்வாய்

முதலில் ஒரு மன்னிப்பு. பட்டறை வேலைகளைக் குறித்துவைக்க அப்பா வாங்கித் தந்த நோட்டு இது. இதன் கடைசிப் பக்கங்களில் என் சொந்தக் கதையை எழுதுகிறேன். எழுதும்படி அப்படி என்ன கதை? தெரியவில்லை. பேச வேண்டிய இடத்தில் எனக்கு வாய் வராது. கைதான் வரும்.

தேன்காரருடைய பிக்கப் வண்டியில் இன்று முக்கியமான வேலை. நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி. தேனீப் பெட்டிகளை மலைக்கு ஏற்றிப் போகும்போது பாறையில் மோதி, இடது முன்பக்கம் நொறுங்கி வந்தது. ஸ்பிரிங் பட்டையின் முன்முனையைத் தாங்கும் பிராக்கெட் சேஸிஸிலிருந்து பிய்ந்தே போய்விட்டது. புதுசை எங்கே ஒட்டுவது? வலப்பக்கத்தை அளந்து இடப்பக்கத்துக்குச் சொல்ல வேண்டும். நடுவில் கியர்பாக்ஸ் தாங்கி மறிப்பதால் டேப்பை நேராக ஓட்ட முடியவில்லை. தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, வலப்பக்க ஸ்பிரிங்கின் பின்முனைக்கு நேர்கீழே ஒன்று, முன்முனைக்கு நேர்கீழே ஒன்று எனத் தரையில் இரண்டு புள்ளி வைத்து, இடைவெளியை அளந்தேன். 1130 மில்லிமீட்டர். தூணில் சாக்பீஸால் எழுதினேன்.

"இன்ஜினியரம்மா எழுதிட்டாங்க. இனி அப்பீல் கிடையாது" என்றார் அப்பா. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அதைத் தினமும் பத்துப் பேர் காதில் போடாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

அக்கா தூணைப் பார்த்தாள். முகமூடியை இறக்கினாள். ஒட்டினாள். அவள்தான் எங்கள் வெல்டர்.

மார்ச் 7, வெள்ளி

ஓட்டிப் பார்த்தாயிற்று. வண்டி இடது பக்கம் இழுக்கிறது. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தால் நேரே சாக்கடைக்குத்தான்.

தேன்காரர் சிரித்தார். "இடது பக்கம்தான் என் மாமியார் வீடு. வண்டியையும் அவங்க கட்சியில சேத்துக்கிட்டாங்க போல." பிறகு சிரிக்காமல் சொன்னார்: "இருபதாம் தேதிக்குள்ள பெட்டியெல்லாம் மேல ஏத்தணும். மேல பூ உதிர ஆரம்பிச்சுடும்."

மார்ச் 8, சனி

டயரில் காற்று சரியாக இருக்கிறது. முன் டயர்களை இடம் மாற்றிப் போட்டோம் — அதே இழுப்பு. பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதோ என்று சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினோம் — பம்பரமாய்ச் சுற்றுகிறது. டை ராடைத் திருகி இரண்டு சக்கரமும் ஒன்றுபோல முன்னே பார்க்கும்படி வைத்தோம் — பலனில்லை.

எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடுவரை அளந்தேன். வலது பக்கம் 2850. இடது பக்கம் 2838. இடது முன்சக்கரம் பன்னிரண்டு மில்லிமீட்டர் பின்தங்கி நிற்கிறது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால் செவ்வாய்க்கிழமை ஞாபகம் வந்தது. பின்புள்ளியைக் குறித்து முடித்திருந்தேன். டீ வந்தது. அந்த இடைவேளையில் அப்பா ஒரு ஜாக்கியை உருவி இன்னொரு வண்டிக்குக் கொண்டுபோய், வேறொன்றை இங்கே வைத்தார். வண்டி ஸ்டாண்டின் மேல் துளி பின்னால் நகர்ந்தது. நான் பார்த்தேன். கண்ணால் பார்த்தேன்! பின்புள்ளியை மறுபடி குறிக்க வேண்டும், அதற்கு நூலைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். அப்பாவோ தேன்காரரிடம் என்னைப் பற்றித்தான் பெருமையடித்துக்கொண்டிருந்தார். நடுவில் போய் "திரும்ப அளக்கணும்ப்பா" என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. துளிதானே என்று விட்டுவிட்டு, அப்படியே முன்புள்ளியை வைத்தேன்.

அந்தத் துளிதான் இந்தப் பன்னிரண்டு.

மார்ச் 10, திங்கள்

அப்பா காரணம் கண்டுபிடித்துவிட்டார். "சூட்டுல பிராக்கெட் இழுத்துடுச்சு. அவசரப்பட்டு ஒட்டியிருக்கே." அக்காவிடம்.

"நாலு பக்கமும் முதல்ல புள்ளி ஒட்டு வெச்சு, ஆறவிட்டு ஆறவிட்டுத்தானேப்பா ஒட்டினேன்?"

"அப்போ அளவு தப்பா? படிச்சவ அளந்தது தப்பா?"

நான் அங்கேயேதான் நின்றேன். துடைத்த ஸ்பேனரையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன். அக்கா என் பக்கம் ஒருமுறை பார்த்தாள். சந்தேகமாகக்கூட இல்லை. சும்மா பார்த்தாள். "சரிப்பா. வெட்டிட்டு மறுபடி ஒட்டறேன்."

சீ. என்ன ஜென்மம் நான்? வாயைத் தொறந்தா முத்தா கொட்டிடும்?

மார்ச் 11, செவ்வாய்

வெட்டினாள். ஒட்டினாள். தூணில் இருந்த அதே 1130. சாயங்காலம் அதே இழுப்பு. கிரைண்டர் பொறி பட்டு அவள் மணிக்கட்டில் வரிசையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள். மருந்து தடவுகிறேன் என்று போனேன். "வேணாம், பழகிடுச்சு" என்றாள்.

மார்ச் 12, புதன்

இன்றும் சொல்லவில்லை.

மார்ச் 14, வெள்ளி

பக்கத்துத் தெரு வெல்டரிடம் அப்பா பேசிவிட்டார். திங்கட்கிழமையிலிருந்து அவர் வருகிறாராம். இந்த வண்டிக்கு மட்டும் இல்லை, இனி எப்போதைக்குமே அவர்தான். அக்கா முன்னறையில் உட்கார்ந்து போன் எடுத்துப் பேசட்டுமாம். "நல்லதாப் போச்சு. அவ கண்ணாவது பொழைக்கும்" என்றாள் அம்மா.

அக்கா ஒன்றும் சொல்லாமல் கையுறைகளை உதறி, ஒன்றன்மேல் ஒன்று வைத்து அலமாரியில் போட்டாள். பத்தாம் வகுப்போடு அவளை நிறுத்தினார்கள், ஒருத்தியைத்தான் மேலே படிக்கவைக்க முடியும் என்று. அன்றைக்கும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. நான் சொல்லாமல் இருப்பதும் அவள் சொல்லாமல் இருப்பதும் ஒன்றா? இல்லவே இல்லை. அவளுடையது பொறுமை, என்னுடையது திருட்டு.

மார்ச் 15, சனி

சொல்லிவிட்டேன். காலையில், ஷட்டரைத் தூக்கிய உடனே. வேறு நேரமாயிருந்தால் ஓடிப்போயிருப்பேன்.

"அப்பா, வெல்டிங்ல தப்பில்ல. அளவு தப்பு. என் அளவு. 1142 வரணும்."

"எப்போ தெரியும் உனக்கு?"

"போன சனிக்கிழமை."

அப்பா விரல்விட்டு எண்ணினார். ஏழு விரல். என்னை ஒன்றும் சொல்லவில்லை. தூணிலிருந்த என் எழுத்தை ஈரத்துணியால் அவரே துடைத்தார். அப்புறம் அக்கா பக்கம் திரும்பி, "அந்த ஆளை வரவேணாம்னு சொல்லிடறேன்" என்றார். அவருக்குத் தெரிந்த மன்னிப்பு அவ்வளவுதான்.

அக்கா ஏற்கெனவே கையுறையை மாட்டிக்கொண்டிருந்தாள். "எனக்குத் தெரியும். ரெண்டாவது தடவை ஒட்டின அன்னிக்கே நானும் சக்கரத்தை அளந்தேன்."

"ஏங்க்கா சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு பார்த்தேன்."

நாலு நாள் பார்த்திருக்கிறாள்.

மார்ச் 17, திங்கள்

மூன்று தடவை அளந்தேன். மூன்று தடவையும் "அப்பா, நூலைப் பிடிங்க" என்று கூப்பிட்டேன். மூன்று தடவையும் வேலையைப் போட்டுவிட்டு வந்தார். வந்து நூலைப் பிடிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை. இதற்கா கூச்சப்பட்டேன்? 1142. குறுக்கு அளவுகளும் ஒத்துப்போகின்றன. அக்கா ஒட்டினாள். இரண்டு பக்கமும் 2850.

மார்ச் 18, செவ்வாய்

வண்டி நேராகப் போகிறது. தேன்காரர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையையும் ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் காட்டிக்கொண்டு வந்தார். "யாரும்மா ஒட்டினது?" என்று கேட்டார். "என் பெரிய பொண்ணு" என்றார் அப்பா. இன்ஜினியரம்மா பேச்சே எடுக்கவில்லை. எடுக்காததே நல்லது.

ஆனால் அக்கா சனிக்கிழமையிலிருந்து என்னிடம் மரியாதையாகப் பேசுகிறாள். "அந்த ஸ்பேனரைக் கொஞ்சம் எடுத்துத் தர்றியா?" எடுத்துக் கொடுத்தால், "தேங்க்ஸ்." எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் தேங்க்ஸ் சொன்னதே கிடையாது. விருந்தாளிக்கு நாற்காலி இழுத்துப் போடுவது போல இருக்கிறது.

மதியம் அவள் அடுத்த வண்டிக்கு அடியில் படுத்திருந்தாள். செருப்பு மட்டும் வெளியே தெரிந்தது. பக்கத்தில் குந்தினேன். எவ்வளவு நேரம் குந்தியிருந்தேனோ, கால் மரத்துவிட்டது.

"அக்கா."

"ம்."

"ஒண்ணு கேக்கட்டுமா?"

உள்ளே சுத்தியல் சத்தம் நின்றது. "கேளு."

"என்னை ஒரே ஒரு தடவை நல்லாத் திட்டிடேன்."