அம்மாவின் போனில் இடமில்லை

அன்பு மகன் ஆரிபுக்கு அத்தா சிஹாபுதீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். தம்மாமில் நீயும் மருமகளும் பேத்தி ஹஃபீஸாவும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். மதுரையில் நாங்களும் சுகம்தான், வெயிலைத் தவிர குறையொன்றும் இல்லை, கடையில் கைலி வியாபாரம் சுமாராகப் போகிறது. வெள்ளிக்கிழமைதோறும் போனில் பேசுகிறோமே, இதென்ன கடிதம் என்று நினைப்பாய். நீ பேசும்போது உன் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள், அவளை வைத்துக்கொண்டு அவளைப் பற்றி என்ன பேசுவது. அடுத்த தெரு பரீத் நாளை அங்கே கிளம்புகிறான், இதையும் ஒரு பென் டிரைவையும் அவனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

தங்கை ஃபாயிஸாவின் நிக்காஹ்வுக்கு லீவு கிடைக்காமல் நீ வர முடியாமல் போனதில் அம்மாவுக்குக் கோபம், இனிமே எங்கிட்டப் பேசாத என்று உன்னிடம் சொல்லிவிட்டாள், அதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். சொன்ன மறுநாளிலிருந்தே நீ ஏதாவது அனுப்புகிறாயா என்று போனைப் பார்த்தபடியே இருந்தாள், அது உனக்குத் தெரியாது. வாட்ஸப்பில் உன் பேருக்குக் கீழே வாய்ஸ் வந்து நிற்கும், தட்டினால் ஒரு சத்தமும் வராது. பேசாதன்னு சொன்னதுக்குக் குத்திக் காட்டுறான், ஊமை வாய்ஸா அனுப்புறான், இம்புட்டு ஏத்தம் ஆகாதுங்க என்று என்னிடம் பொருமினாள். நீயோ, தினமும் அனுப்புறேன் அத்தா, அம்மா தொறந்தே கேக்க மாட்டேங்கிறாங்க என்றாய். அதை அவளிடம் சொன்னதற்கு, மகனுக்குப் பரிஞ்சு பேசாதீங்க என்று போனை என் மூஞ்சிக்கு நேரே நீட்டித் தட்டிக் காட்டினாள். சத்தம் வரவில்லைதான். என்னிடம் இருப்பது பட்டன் போன், எனக்கு இந்த விவகாரமெல்லாம் தெரியாது, நீதான் விளையாடுகிறாய் என்று நானும் நினைத்துவிட்டேன்.

போன வாரம் ஃபாயிஸா அவனியாபுரத்திலிருந்து வந்திருந்தாள். மாமியார் வீட்டில் ஒரு குறையும் இல்லை, கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள், நான் சொன்னதாக அவளிடம் சொல்லிவிடாதே. அம்மாவின் போனை வாங்கிப் பார்த்தவள், ஸ்டோரேஜ் ஃபுல்லுன்னு இது எம்புட்டு நாளாம்மா கத்திக்கிட்டு இருக்கு என்று கேட்டாள். போனில் இடமில்லை என்று இங்கிலீஷில் வந்த அந்த அறிவிப்பை, ரீசார்ஜ் தீர்ந்ததைச் சொல்வதாக எண்ணி உன் அம்மா தள்ளிவிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். என்னையும் ரீசார்ஜ் பண்ண விரட்டுவாள். பண்ணிய பிறகும் அதுவே வருகிறதே என்று பழங்காநத்தத்தில் ரீசார்ஜ் கடைக்காரரிடம் நான் சண்டை வேறு போட்டிருக்கிறேன். பாவம் அந்த மனுஷன்.

இந்தப் போனில் மெமரி கார்டு போட வழியில்லையாம். ஒரு முனை போனுக்கு, மறுமுனை கம்ப்யூட்டருக்கு என்று இருக்கிற பென் டிரைவ் ஒன்றை ஃபாயிஸா வாங்கி வந்தாள். செருகினால் போன் அதைக் கண்டுகொள்ளவே இல்லை, செட்டிங்கில் ஓடிஜி என்பதை ஆன் செய்த பிறகுதான் காட்டியது. கடையில் சரக்கு நிறைந்தால் குடோனுக்குத் தள்ளுகிற மாதிரிதான், எனக்கு உடனே புரிந்துவிட்டது. உன் அம்மாவுக்குத்தான் போனிலிருந்து அழிக்க மனசு வரவில்லை. ஹஃபீஸா தவழ்ந்தது, பல் முளைத்தது, பூனையைத் துரத்தியது எல்லாம் அதில் இருக்கிறதே. ஃபாயிஸா எல்லாவற்றையும் காப்பி செய்து, பென் டிரைவிலிருந்தே ஒவ்வொன்றாக ஓடவிட்டுக் காட்டிய பிறகு, உன் அம்மாவே பிஸ்மி சொல்லி டெலிட்டை அழுத்தினாள். நீ முன்பு அனுப்பியதே போனை அடைத்துக்கொண்டு, நீ பிறகு அனுப்பியதை உள்ளே விடாமல் நிறுத்தியிருக்கிறது.

இடம் கிடைத்ததும் ஃபாயிஸா உன் வாய்ஸ் ஒன்றைத் தட்டினாள். நீங்க பேச வேணாம்மா, நான் பேசுறேன், கேட்டா போதும் என்று உன் குரல் வந்தது. உன் அம்மா அழவில்லை, அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. சமீபத்தில் வந்ததெல்லாம் திறந்தது. அதற்கு முந்தியவை, நிக்காஹ் அன்று ஹஃபீஸாவை துஆ ஓதவைத்து நீ அனுப்பிய வீடியோவும் சேர்த்து, நாள் கடந்துபோனதால் இனி வராதாம், அனுப்பியவரிடமே மறுபடி கேட்டு வாங்கு என்று போன் சொல்கிறது. உன்னிடம் கேட்க வேண்டும் என்றதும் அவளுக்குப் பழைய வீம்பு வந்துவிட்டது. நீ அவற்றை அழிக்காமல் வைத்திருக்க வேண்டுமே என்பதுதான் என் கவலை. உன் போனும் நிறைந்துதான் இருக்கும், அதனால்தான் உனக்கும் ஒரு பென் டிரைவ் அனுப்புகிறேன். முதலில் காப்பி, பிறகு ஓடவிட்டுப் பார்ப்பது, கடைசியில்தான் டெலிட். வெடுக்கென்று பிடுங்காதே, எஜெக்ட் கொடுத்துவிட்டுக் கழற்று.

மருமகளுக்கும் பேத்திக்கும் எங்கள் துஆ. தொழுகையை விடாதே, சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, உங்களை அல்லாஹ் கண்ணுக்குக் கண்ணாகக் காப்பான். முடிக்கிற நேரத்தில் உன் அம்மா வந்து எட்டிப் பார்த்தாள். அவனுக்கு ஏதாவது எழுதவா என்று கேட்டேன், ஒண்ணும் வேணாம் என்று உள்ளே போய்விட்டாள். பிறகு திரும்பி வந்து, போன்ல இப்ப இடம் இருக்குன்னு மட்டும் எழுதுங்க என்றாள். எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அத்தா
சிஹாபுதீன்