இரைச்சல் நீக்கிய பதிப்பு

அன்புள்ள தம்பிக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக அப்பாவின் அறைக்கதவைச் சாத்தினேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். கூடத்துக்கு வந்து, நெட்டை மாமாவிடம் இரவல் வாங்கிய பழைய இசைத்தட்டைச் சத்தம் குறைத்துப் போட்டு, ஸ்பீக்கரை ஒட்டித் தரையில் உட்கார்ந்துகொண்டேன். அது முடிந்ததும் நீ அனுப்பிய புதிய தட்டைப் போட்டேன். சில நாட்களாகவே இப்படித்தான் செய்கிறேன். என் காதில்தான் கோளாறோ என்ற சந்தேகம் இருந்தது. இன்று அது தீர்ந்தது. என் காதில் கோளாறு இல்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அட்டை அழகாக வந்திருக்கிறது. பழைய அட்டையில் அப்பா, நெட்டை மாமா உட்பட வாசித்த நால்வரும் புகைமூட்டத்தில் நிற்பதுபோல் இருப்பார்கள். இதில் அப்பாவின் சட்டைப் பொத்தான்கூடத் தெரிகிறது. வெளிவந்த காலத்தில் நாய்கூட முகர்ந்து பார்க்காத ஜாஸ் தட்டு அது. ஊரே ஆட்டம் போடப் பாட்டு கேட்டபோது, இவர்கள் நால்வரும் யாருக்கும் அவசரமில்லாததுபோல் வாசித்துவைத்தார்கள். அதன் மூல டேப்பைத் தேடிப்பிடித்து, ஒரு கம்பெனியைச் சம்மதிக்க வைத்து, விடுமுறை நாளெல்லாம் ஹெட்போனோடு உட்கார்ந்து நீயே இரைச்சலை நீக்கினாய். அப்பா இதைச் சொல்லாத ஆள் தெருவில் இல்லை. கேட்டுக் கேட்டு மருந்துக்கடைக்காரரே தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டார் என்கிறாள் அம்மா.

தட்டு வந்த அன்று அப்பா குளித்து, இஸ்திரி போட்ட சட்டை அணிந்து வந்து உட்கார்ந்தார். முதல் இரண்டு பாட்டுக்கும் தலை ஆடியது. மூன்றாவது பாட்டு உனக்கும் தெரியும். பாதியில் சாக்ஸபோனும் பியானோவும் ஒதுங்கிக்கொள்ளும். நெட்டை மாமாவின் பேஸ் வாத்தியம் மட்டும் தடித்த குரலில் நடக்கும்; அதற்குப் பக்கத்தில் அப்பாவின் கம்பி பிரஷ் டிரம் தோலின்மேல் வட்டம் வட்டமாகத் தேய்க்கும். அடி கிடையாது, வெறும் தேய்ப்பு. தூங்கும் குழந்தையின் முதுகைத் தடவிக்கொடுப்பதுபோல இருக்கும். ஆயுள் முழுக்க வாசித்ததில் அந்தக் கொஞ்ச நேரம்தான் தனக்குச் சரியாக வந்தது என்பார்.

அந்த இடம் வந்ததும் அப்பா சத்தத்தைக் கூட்டச் சொன்னார். கூட்டினேன். இன்னும் கூட்டச் சொன்னார். பிறகு எழுந்துபோய் ஸ்பீக்கரில் காதை வைத்தார். பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கியும் அப்படியே நின்றார். திரும்பியபோது சிரித்துக்கொண்டுதான் இருந்தார். "தம்பி நல்லாத்தாம்மா பண்ணியிருக்கான். எனக்குத்தான் காது போயிடுச்சு" என்றார்.

தான் கூப்பிட்டு இத்தனை வருஷம் கேட்காத காது இப்போதுதான் போயிற்றாக்கும் என்று அம்மா கேலி செய்தாள். வழக்கமாக ஏதாவது பதில் கொடுப்பவர், அன்று தட்டை உறைக்குள் போட்டுவிட்டு உள்ளே போனார்.

காது டாக்டரிடம் அழைத்துப் போனேன். வயதுக்கு மிக நன்றாகவே கேட்கிறது என்றார். அப்பா நம்பவில்லை, ஆறுதலுக்குச் சொல்கிறார் என்றார். வெளியீட்டு விழாவில் நெட்டை மாமாவோடு வாசிக்க முடியாது என்று உன்னிடம் மூட்டுவலியைக் காரணம் சொன்னாரே, மூட்டு நன்றாகத்தான் இருக்கிறது. போன வாரம் டிரம்மை ஒற்றை ஆளாகப் பரணில் ஏற்றினார். பிரஷ்களை ஏதாவது பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடச் சொல்லி உன் அத்தானிடம் நீட்டினார்.

அதற்கப்புறம்தான் புதிய தட்டை எடுத்துக்கொண்டு நெட்டை மாமா வீட்டுக்குப் போனேன். அதைக் கேட்டார். மூன்றாவது பாட்டு வந்ததும் முகம் மாறியது. "என்னம்மா இது, நான் மட்டும் தனியா நடந்துக்கிட்டிருக்கேன்? உங்கப்பன் எங்க போனான்?" என்றார். அவருடைய பழைய தட்டை அன்றுதான் இரவல் வாங்கி வந்தேன்.

டேப்பின் இரைச்சலும் அப்பாவின் பிரஷ்ஷும் ஒரே மாதிரி 'ஸ்ஸ்' என்றுதான் கேட்கும். நீ ஒன்றை நீக்கியபோது மற்றதும் சேர்ந்து போய்விட்டது. போனில் மெதுவாக ஆரம்பித்தேன். நீ முடிக்கக்கூட விடவில்லை. "அது டேப் இரைச்சல்க்கா. நீ பழைய தட்டு கேட்டே பழகிட்ட" என்றாய். எனக்கு வந்த கோபத்தில் வீட்டிலிருந்த பாத்திரம் எல்லாவற்றையும் தேய்த்துத் தீர்த்தேன். பத்திரிகை விமர்சனத்தை வேறு அனுப்பியிருந்தாய். படிகம்போலத் தெளிவு என்று பாராட்டியவர், டிரம்ஸ் அடக்கமாக ஒதுங்கி நிற்கிறது என்றும் எழுதியிருந்தார். நீ அதைப் படித்தாயா, பாராட்டோடு நிறுத்திக்கொண்டாயா?

உன்னைக் குறை சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. சின்ன வயதில் அப்பா மடியில் உட்கார்ந்து அந்தச் சத்தத்திலேயே தூங்கியவன் நீ. அந்தக் காதால்தான் அதைத் துடைத்தெடுத்திருக்கிறாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எரிச்சலாக வருகிறது, உன்மேலா என்றால் அதுவும் தெரியவில்லை.

உன் அத்தான் விட்டுவிடச் சொல்கிறார். "காது போச்சுன்னா வயசு மேல பழியப் போட்டுக்குவாரு. பையன்தான் அழிச்சிட்டான்னு தெரிஞ்சா யார் மேல போடுவாரு?" என்கிறார். அம்மாவும் அதே பாட்டு. மகனைப் பற்றிப் பெருமை பேசிக்கொண்டு இருந்துவிட்டுப் போகட்டும், கிளறாதே என்கிறாள். அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அப்பா இப்போது நாம் பேசினால்கூடக் கேட்காத மாதிரி இருக்கப் பழகுகிறார். டம்ளர் கீழே விழுந்தது. அந்தப் பக்கம் திரும்பப்போன தலையைப் பாதியில் நிறுத்திக்கொண்டார். பார்த்துக்கொண்டு நான் சும்மா இருக்க வேண்டும் என்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் உன் அத்தானும் ஒரு கல்யாணத்துக்குப் போகிறார்கள். நானும் அப்பாவும் மட்டும் வீட்டில் இருப்போம். அவரை உட்காரவைத்து, நெட்டை மாமாவின் தட்டைப் போடப்போகிறேன். ஏன் என்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவேன். இதை நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. உடம்பைப் பார்த்துக்கொள். இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் அந்த மூன்றாவது பாட்டை மூல டேப்பிலேயே ஒரு முறை கேள். கேட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமைக்குள் அப்பாவைக் கூப்பிடு. உன் வாயால் அவருக்குத் தெரியட்டும். உன்னைத் திட்டமாட்டாரடா, எனக்கு அவரைத் தெரியும். "அப்போ எனக்குக் காது கேக்குதா?" என்றுதான் முதலில் கேட்பார். அதற்கு 'ஆமாம்ப்பா' என்று மட்டும் சொல், போதும்.

என்றும் உன் நலம் வேண்டும்,
அக்கா