நேரா நில்லுலே

இன்று காலை திருச்சுழிப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் எக்ஸ்ரே அறை வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். தோளில் கிடந்த துண்டு கக்கத்துக்குப் போனது. படம் எடுக்க நான் பலகை முன்னால் நிற்கச் சொன்னதும் முட்டியை லேசாக மடக்கி, முதுகை வளைத்து, கையைக் கட்டிக்கொண்டார். "நேரா நில்லுலே!" என்று கத்திவிட்டேன். என்னைவிட மூத்தவர், பாவம், வெலவெலத்துப் போனார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். உன்னிடம் கேட்க மாட்டேன். அந்தத் திட்டு உனக்கு விழுந்ததுதான்.

பியூன் வேலை பார்த்த காலமெல்லாம் அதிகாரிகள் முன்னால் நீ அப்படித்தான் நின்றாய். ஓய்வு பெற்ற பிறகாவது நிமிரக் கூடாதா? முட்டி இரண்டும் தேய்ந்து, கால் வில்லாக வளைந்து, நீ நடந்து வந்தால் நடுவே கோழி புகுந்து ஓடலாம். சாயங்காலம் டீக்கடையில் உட்கார்ந்தால் உன் புலம்பல் தாங்காது. "காரியாபட்டியில மக வீட்டு மாடிப்படி ஏற மாட்டாம கீழயே நிக்கேன்லே. பேரப்பிள்ளையத் தூக்கிக்கிட்டு அவ எறங்கி வாரா. ஒரு தடவையாவது ஏறிரணும்."

மதுரையிலிருந்து வாரம் ஒரு நாள் எங்கள் கிளினிக்குக்கு வரும் எலும்பு டாக்டரிடம் நான்தான் உன்னை இழுத்துக்கொண்டு போனேன். இடுப்பிலிருந்து கணுக்கால்வரை, நின்றபடி ஒரு முழுப் படம் வேண்டும் என்றார். இடுப்பு மூட்டின் நடுவிலிருந்து கணுக்காலின் நடுவுக்குக் கோடு போட்டால், அது முட்டியின் நடுவே போக வேண்டும். எவ்வளவு விலகுகிறதோ அவ்வளவு கோணல். அதையும் பார்த்துத்தான் எலும்பை நிமிர்த்துவதா, மூட்டையே மாற்றுவதா என்று முடிவு செய்வார்கள். முட்டி மடங்கினாலோ, முட்டிச் சில்லு பக்கவாட்டில் திரும்பினாலோ அளவு பொய்யாகிவிடும். ஒண்ணாங் கிளாஸிலிருந்து உன்னோடு சுற்றியவனுக்கு உன் காலை அளப்பது ஒரு வேலையா என்று நினைத்தேன்.

வெள்ளைக் கோட்டை மாட்டினேனோ இல்லையோ, என்னையே "சார்" என்றாயே!

"முட்டிய மடக்காதலே."

"சரிங்க சார்."

மறுபடியும் மடக்கினாய். படம் பாழ். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, உன் பள்ளிக்கூடத்துப் பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். "ஏலே, அந்தப் பேரச் சொல்லாத!" என்று நிமிர்ந்து முறைத்தாய் பார், அப்போது எடுத்ததுதான் சரியாக வந்தது.

கோடு முட்டியை விட்டு வெகுவாக உள்பக்கம் தள்ளிப் போயிருந்தது. கோணல் அதிகம்தான் என்று டாக்டரும் ஒத்துக்கொண்டார். ஆபரேஷன் தேதி குறிக்கும் முன்னால் உன்னிடம், "வலி எப்படி இருக்கு? பொறுக்க முடியுதா?" என்று கேட்டார்.

"பரவாயில்லைங்கய்யா. உங்க புண்ணியத்துல சமாளிக்கேன்."

அட பாவி! அப்படியானால் அவசரமில்லை, கொஞ்ச நாள் பார்ப்போம் என்று மாத்திரை எழுதிவிட்டார். நான் வாயைத் திறக்கப் போனேன். என் தொடையைக் கிள்ளினாய். வெளியே வந்ததும், "வலிக்குதுன்னு சொன்னா வாயில இருக்குற முத்தா உதுந்துரும்லே?" என்று பிடித்துக்கொண்டேன். "படிச்சவுக கேக்கையில குறை சொல்லலாமாலே? மனசு கஷ்டப்படுவாகள்ல" என்றாய். அவருக்கு உன் மகள் வயதுகூட இருக்காது.

உன்னை மறுபடி அந்த டாக்டரிடம் கூட்டிப்போக நான் நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது உனக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டதற்கு, "லேசா வாயுதாம்மா" என்றாயாம். அசையாமல் படுத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள். அங்கிருந்த டாக்டர் உள்ளே வந்ததும் நீ கட்டிலை விட்டு இறங்கி, கையைக் கட்டிக்கொண்டு நின்றாயாம். அவர் "படுங்க, படுங்க" என்று ஓடி வருவதற்குள் சரிந்துவிட்டாய்; அப்புறம் எழவேயில்லை. யாருக்கு வேண்டும்லே உன் மரியாதை? இதை நினைத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

போன வாரம் உன் மகள் வந்திருந்தாள். "மாமா, அப்பாவுக்குக் கால் ரொம்ப வலிச்சிருக்குமோ? எங்ககிட்ட ஒரு நாளும் சொன்னதில்லையே" என்று கேட்டாள். உன் புலம்பல் முழுவதையும் கேட்டவன் நான் ஒருவன்தான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"அப்படியொண்ணும் இல்லம்மா. லேசாத்தான் இருந்துச்சு" என்றேன்.

பாவிப்பயலே, உன் பொய்யை இப்போது நான் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.