வித்துரா சரசம்மாவின் செய்திகள்

கரமனை,
திருவனந்தபுரம்.

அன்பு மகன் பிபினுக்கு அம்மை எழுதுவது. கர்த்தருடைய இரக்கத்தால் நானும் அப்பாவும் நல்ல சுகம், அப்பாவின் முட்டுவலியும் எங்களோடு சேர்ந்து நல்ல சுகமாக இருக்கிறது. நீயும் ஆர்ஷாவும் அந்தக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க தினமும் ஜெபிக்கிறோம். நம்ம சபையிலுள்ள சிஜி அடுத்த வாரம் அயர்லாந்துக்குத் திரும்புகிறாள், பெட்டியில் இடம் இருக்கிறது என்றாள், அதனால் பலாப்பழத்தில் கிண்டின சக்கவரட்டியும் ஏத்தங்காய் வறுத்த உப்பேரியும் அவளிடம் கொடுத்து விடுகிறேன், கூடவே இந்தக் கடிதமும். போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனில் நான் பேசப் பேச நீ ம் ம் என்று மூளிக்கொண்டே லேப்டாப்பைத் தட்டுவாய் மக்களே, எனக்குக் கேட்காது என்று நினைப்பு. கடிதம் என்றால் நீ எழுத்துக் கூட்டித்தான் வாசித்தாக வேண்டும், ஒரு வார்த்தையும் தப்பாது. மெதுவாக வாசி, ஆர்ஷாவுக்கும் வாசித்துக் காட்டு, இது முக்கியமாக அவளுக்காக எழுதுவது. அப்பா அனுப்பிய போட்டோவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது யார், நம்ம அத்தையா, அவங்க எதுக்கு மேடையில் ஏறினாங்க என்று அவள் கேட்டிருந்தாள். உனக்கும் பாதிதான் தெரியும், நீ தொட்டிலில் கிடந்த காலத்துக் கதை.

இங்கே மழை விட்டபாடில்லை. மாடியில் உன் அத்தை, சரசம்மா மைனி இருக்கும் அறைக்குப் பக்கத்தில் ஒழுகுகிறது, ஆள் வரச் சொல்லியிருக்கிறோம், வருகிறேன் என்று சொல்லிச் சொல்லியே அவன் ஒரு மாதத்தைக் கழித்துவிட்டான். அப்பா புது போன் வாங்கினதிலிருந்து எல்லாவற்றையும் படம் எடுக்கிறார், நேற்று நான் மீன் கழுவுகிறதை எடுத்து சபை குரூப்பில் போட்டுவிட்டார். அது போகட்டும், விஷயத்துக்கு வருகிறேன்.

உன் அத்தையைக் கல்யாணம் செய்து மலையடிவாரத்து வித்துராவுக்குக் கொண்டுபோனது ஞானையன் மாமா. மார்க்கெட்டுக்கு எதிரில் அவருக்கு மைக்செட் வாடகைக் கடை. கோயில் கொடை, சபைக் கன்வென்ஷன், கல்யாணம் எல்லாவற்றுக்கும் அவருடைய கோளாம்பி என்கிற குழாய் ஸ்பீக்கர்தான். ஒரு தேர்தலில் ஜீப்பில் ஏறிப் பேச வேண்டிய ஆளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. மாமாவுக்குப் பேச வராது, நான்கு பேர் முன்னால் சாயா கேட்கவே கூச்சப்படுவார். அத்தை கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு ஜீப்பில் ஏறினாள். மலையாளத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை ஓட்டுக் கேட்டுப் பேசினாள். வேட்பாளர் தோற்றுப்போனார், ஆனால் அந்தச் சத்தம் ஆருடையது என்று மார்க்கெட் முழுக்கக் கேட்டது.

அதற்கப்புறம் நடந்ததுதான் காரியம். பொன்முடி, போனக்காடு எஸ்டேட்டுகளில் அன்று தேயிலை கிள்ளினவர்கள் பெரும்பாலும் திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்துத் தமிழர்கள். மலையாளத்தில் ஒட்டுகிற நோட்டீஸ் அவர்களுக்கு வாசிக்கத் தெரியாது. டாக்டர் வராத நாளில் ஒரு கர்ப்பிணிப் பெண் மலையிலிருந்து நடந்து இறங்கி வந்து, கடை வாசலில் உட்கார்ந்து அழுதுவிட்டுத் திரும்பிப் போனாள். மறுநாள் சாயங்காலம் அத்தை கடைக் கூரையில் இருந்த கோளாம்பியை மலைப்பக்கம் திருப்பச் சொன்னாள். வணக்கம், வித்துரா சரசம்மா பேசுகிறேன் என்று ஆரம்பித்து, டாக்டர் வருகிற நாள், ரேஷன் அரிசி வந்ததா, எந்த பஸ் ஓடாது என்று எல்லாவற்றையும் தமிழில் வாசித்தாள். அதிலிருந்து தினமும் அந்த நேரத்துக்குச் சனங்கள் காது கொடுக்க ஆரம்பித்தார்கள். புதிதாக வந்த ஒரு சப் இன்ஸ்பெக்டர் கூப்பிட்டு, இதுக்கு ஆரு அனுமதி தந்தது என்று கேட்டிருக்கிறார். அத்தை நின்றவாக்கில், "சாறே, டாக்டர் வாற நாளு தெரியாம ஒரு பிள்ளத்தாச்சி மலை எறங்கி வந்து திரும்பிப் போச்சு. அதைச் சொல்லதுக்கு அனுமதி வேணும்னா இப்பமே எழுதித் தாருங்க, நாளைக்கும் சொல்லணும்" என்றாளாம். எழுதித் தந்துவிட்டார். கொஞ்ச நாளில் அவரே காணாமல்போன ஒரு எருமையைப் பற்றிச் செய்தி கொடுத்தனுப்பினார். எருமை கிடைத்தது. அதன்பிறகு அத்தையை எங்கே கண்டாலும் தொப்பியைத் தொடுவார்.

ஒரு ஆடி மாத மழையில் மலைப்பாதை இடிந்து, கல்யாணத்துக்குப் போன பஸ் திரும்பி வரவில்லை. மார்க்கெட்டில் பெண்கள் தலையில் அடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பஸ்ஸில் இருந்தவர்கள் முன்னமே இறங்கி ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியிருக்கிறார்கள் என்று ஒரு ஜீப் டிரைவர் வந்து சொன்னான், அதோடு அவன் வீட்டுக்குப் போகப் பார்த்தான். அத்தை விடவில்லை. ஆரெல்லாம் இருந்தாங்க, ஒவ்வொரு ஆளா சொல்லு என்று பிடித்து நிறுத்தினாள். அவனுக்குப் பேர் தெரிந்தவர்களைப் பேர் சொல்லி வாசித்தாள். பேர் தெரியாதவர்களை அடையாளம் சொல்லி வாசித்தாள். பச்சைச் சேலை, மூக்கில் ரெட்டை மூக்குத்தி, சுகமாயிருக்கிறார். காதில் பஞ்சு வைத்த பெரியவர், சுகமாயிருக்கிறார். இடது கையில் கட்டுப்போட்ட சிறுமி, பிஸ்கட் தின்றுகொண்டிருக்கிறாள். அந்தக் கடைசி வரியைக் கேட்டதும் சுடலைமாடத்தி என்கிற ஒரு தாய், எனக்க மவ, எனக்க மவ என்று அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாளாம். அப்பா அன்று அங்கே இருந்தார், இன்றைக்கும் அந்தக் கடைசி வரியை அப்படியே சொல்லிக் காட்டுவார்.

பிறகு டிஷ் ஆன்டெனா வந்தது. மாமா ரப்பர் மரத்துக்கும் தெங்குக்கும் கம்பி இழுத்து வீடுவீடாக டிவி கொடுத்தார். அத்தை அதில் தினமும் சாயங்காலம் தமிழ்ச் செய்தி வாசித்தாள், பின்னால் திரைக்குப் பதில் அவளுடைய கல்யாணப் பட்டுச் சேலை. அப்போது சுதீஷ் என்று ஒரு பையன் போட்டிக்குக் கேபிள் தொடங்கினான். இரண்டு மூன்று தடவை நம் கம்பி அறுந்து கிடந்தது. மாமா ஸ்டேஷனுக்குப் போகலாம் என்றார். அத்தை கம்பியை ஒட்டுப்போட வைத்து, அன்றைய செய்தியின் முடிவில், நம் கம்பியை முறித்த சகோதரன் தன்னுடைய கட்டிங் பிளேயரை மாமரத்தின் கீழே விட்டுவிட்டுப் போயிருக்கிறார், நல்ல பிளேயர், மழையில் துருப்பிடிக்கும், கடைக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம், சாயாவும் உண்டு என்று வாசித்து, பிளேயரையும் காமிராவில் காட்டினாள். சுதீஷின் அம்மாவே அத்தையின் செய்தியைத் தவறாமல் பார்க்கிறவள். எடா, நின்டெ பிளேயர் எவிடெ, எங்கே போட்டாய் என்று அவள் கேட்க, அவனுக்கு வீட்டில் இருக்க முடியவில்லை. மறுநாள் தலையைக் குனிந்துகொண்டு கடைக்கு வந்தான். அத்தை சாயா கொடுத்து, பழம்பொரியும் கொடுத்து, நினக்குக் காமிரா பிடிக்கான் அறியுமோ, பிடிக்கத் தெரியுமா என்று கேட்டாள். கடைசிவரைக்கும் அவன்தான் அவளுடைய காமிராமேன்.

செட்டாப் பாக்ஸ் வந்து பெரிய கம்பெனிகள் வந்தபோது அந்தச் சின்னச் சேனல் நின்றுபோனது. மாமாவும் போனார். அத்தை நம் மாடிக்கு வந்தாள். அதன்பிறகு அவள் மைக்கைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. சபையில் வேதபாடம் வாசிக்கக் கூப்பிட்டால்கூட, எனக்க சத்தம் போச்சு என்பாள்.

போன மாதம் ஒரு அழைப்பிதழ் வந்தது. தம்பானூரில் ஒரு ஹாலில் பழைய கேபிள்காரர்கள் கூடி, மலையோரத்தில் முதன்முதலில் ஒளிபரப்பு தொடங்கியவருக்கு விருது கொடுக்கிறார்கள். பிரித்துப் பார்த்தால் ஞானையன் மாமா படம். விருது அவருக்கு, வாங்கிக்கொள்கிறவர் மனைவி. அத்தையின் பேர்கூட இல்லை மக்களே. எனக்கு வந்த கோபத்தில் அதைக் கிழிக்கப் போனேன், அப்பாதான் பிடுங்கினார். போக வேண்டாம் மைனி என்றேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாக வாசித்துவிட்டு, "போவணும். மைக் தருவாவல்லா?" என்றாள்.

போனோம். மேடையில் மாமா படத்துக்கு மாலை போட்டு, பொன்னாடையையும் படத்துக்கே போர்த்தி, பரிசை அத்தை கையில் கொடுத்து, ரெண்டு வாக்கு பறயணும் என்று பேசச் சொல்லி மைக்கை நீட்டினார்கள். மைக்கை விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். "கம்பி இழுத்தது அவரு. மழையும் பாக்காம வெயிலும் பாக்காம இழுத்தாரு, இந்தப் பரிசு அவருக்குத் தகும், சந்தோஷம். ஆனா அந்தக் கம்பிக்குள்ள போனது எனக்க சத்தம். அதுக்கும் ஒரு பரிசு உண்டும்னா தாருங்க, நான் இங்கதான் நிக்கேன்" என்றாள். அப்போது பின்வரிசையிலிருந்து தலை நரைத்த ஒருவர் எழுந்து, "ஞான் சேச்சியுடெ கேபிள் முறிச்ச ஆளாணு, சேச்சி பறஞ்சது சத்யம்" என்று சொல்லிக் கை தட்டினார். நம்ம சுதீஷ்தான், கம்பியை அறுத்த ஆள் நான், அக்கா சொன்னது உண்மை என்கிறான். அதன்பிறகு கைதட்டு நிற்கவில்லை. தலைவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, இரண்டாவது பொன்னாடை வாங்கி வைக்கவில்லை, கடைசியில் தம் தோளில் கிடந்ததை எடுத்து அத்தைக்குப் போர்த்தினார். அத்தை இறங்குகிற பாடில்லை. வணக்கம், வித்துரா சரசம்மா பேசுகிறேன் என்று தொடங்கி, அன்றைய செய்திகளை அங்கேயே வாசித்தாள். மேடையில் இடதுபக்க பேன் ஓடவில்லை, வாசலை மறித்து ஒரு வெள்ளைக் கார் நிற்கிறது, சாப்பாட்டுக்குப் பாயசம் இரண்டு வகை. சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த நேரத்தில் அப்பா எடுத்ததுதான் ஆர்ஷா பார்த்த போட்டோ.

அங்கே ஸ்ரீலட்சுமி என்று ஒரு பெண்பிள்ளை வந்திருந்தாள், நகரத்துக்கு வெளியே ஒரு சின்ன வானொலி நடத்துகிறாள். இங்கே கட்டடவேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் வந்திருக்கிற தமிழ்ச் சனங்களுக்காக ஞாயிறுதோறும் செய்தி வாசிக்கிறீர்களா என்று அத்தையைக் கேட்டாள். அத்தை யோசிக்கவே இல்லை, நின்னுதான் வாசிப்பேன், சம்மதமா என்று கேட்டாள். ஆனால் முதல் ஞாயிறு ஸ்டூடியோவுக்குள் போனதும் அப்படியே நின்றுவிட்டாள். சுற்றிலும் கண்ணாடி, எதிரில் ஒரு மனிதர் இல்லை. மார்க்கெட்டைப் பார்த்துப் பேசிப் பழகின வாய், வெறும் சுவரைப் பார்த்துத் திறக்க மாட்டேன் என்கிறது. ஷீலா, ஒரு ஆளு வேணும் என்று வாசலில் நின்ற என்னிடம் சொன்னாள். அந்தப் பிள்ளை என்னைக் கூட்டிக்கொண்டு போய் மைக்குக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். மூச்சுவிடும் சத்தம் கேட்டுவிடுமோ என்று வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தேன். அத்தை என்னைப் பார்த்தாள். வணக்கம் என்றாள். சத்தம் கொஞ்சம் கரகரத்தது, ஆனால் அவளுடைய சத்தம்தான்.

செய்தி முடிந்ததும் முதல் போன் கழக்கூட்டம் என்கிற ஊரில் கட்டடத்துக்குக் கம்பிகட்டுகிற லிங்கம் என்கிற ஒருவரிடமிருந்து. பாட்டுப் போடச் சொல்லப்போகிறார் என்று நினைத்தோம். "அம்மா, எனக்குப் பொட்டப்புள்ள பொறந்திருக்கு, தென்காசி ஆஸ்பத்திரில. இங்க தனியா இருக்கேன், ஆருகிட்ட சொல்லன்னு தெரியல, நீங்க ஒருக்கா வாசிச்சிருங்க" என்றார். அத்தை நிமிர்ந்து நின்று, முக்கியச் செய்தி என்று தொடங்கி வாசித்தாள். தாயும் பிள்ளையும் சுகம், தகப்பன் கழக்கூட்டத்தில் இருக்கிறார், பக்கத்தில் இருக்கிறவர்கள் அவரைப் போய்ப் பார்க்கவும். மறுநாள் அவர் ரயிலில் இருந்து கூப்பிட்டார். ராத்திரிக்குள் கூட்டம் கூட்டமாக ஆள்கள் வந்து கைகுலுக்கினார்களாம், காண்டிராக்டரும் செய்தியைக் கேட்டுவிட்டு லீவு கொடுத்து, குழந்தைக்குத் துணியும் எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டாராம்.

இனி உங்கள் வீட்டுக் காரியம். ஸ்கேன் முடிகிறவரை யாரிடமும் சொல்லக் கூடாது என்று நீ சொன்னாய், நான் யாரிடமும் சொல்லவில்லை, சிஜிக்கும் தெரியாது, அதற்குத்தான் கவரை இப்படிச் சுற்றிச் சுற்றி ஒட்டியிருக்கிறேன். ஆனால் அப்பாவால் அடக்க முடியவில்லை, லிங்கத்தின் போன் வந்த சந்தோஷத்தில் அத்தையிடம், நம்ம வீட்டிலயும் ஒண்ணு வருது அக்கா என்று சொல்லிவிட்டார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இது எனக்க வாய்க்குள்ள இருக்கட்டும். பிள்ளைய ரெண்டும் சொல்லுன்னு சொன்னா அன்னைக்குத்தான் சொல்லுவேன்" என்றாள். சொன்னபடி இருக்கிறாள். கையில் கிடைத்த செய்தியை ஒரு நாளும் வைத்திருக்காதவள், இதை வைத்திருக்கிறாள். ஆனால் நேற்று மாடியில் துணி காயப்போடப் போனபோது குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு, அயர்லாந்து கார்க் நகரிலிருந்து ஒரு முக்கியச் செய்தி என்று பழகிக்கொண்டிருந்தாள், இரண்டு தடவை, தமிழில் ஒன்று மலையாளத்தில் ஒன்று. அதனால் மக்களே, ஸ்கேன் முடிந்ததும் எனக்கு அல்ல, முதலில் அத்தைக்கே கூப்பிட்டுச் சம்மதம் சொல்லுங்கள்.

ஆர்ஷாவைக் கனமானதைத் தூக்க விடாதே, சக்கவரட்டியை நீயே தின்று தீர்க்காதே. கர்த்தர் உங்கள் மூவரையும் தம் சிறகின் கீழ் வைத்துக் காக்கட்டும், உங்கள் போக்கும் வரவும் ஆசீர்வாதமாக இருக்கட்டும். ஞாயிறு இங்கே சாயங்காலம் என்றால் அங்கே மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டே கேளுங்கள், ஸ்ரீலட்சுமி தந்த லிங்கை அப்பா அனுப்புவார்.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அம்மை
ஜெயஷீலா
(அப்பா ஜெயன் பக்கத்தில்தான் நிற்கிறார், நான் எழுதுகிறதைப் படம் எடுக்கிறார்.)